மதகைப் பார்க்கும் விரால்

அந்தக் காலத்தில் மீன் கரையோரம் வந்து பேசும்; மனிதன் குந்தி உட்கார்ந்து பதில் சொல்வான். இன்றைக்கு விராலுக்கு இருக்கிற கவலை அப்போது கிடையாது. கோரைப்புல்லுக்குள் முட்டையிட்டுவிட்டு, ஆழத்துக்குப் போய் நிம்மதியாகத் தூங்கும். காவலுக்குத்தான் ராஜாவின் கல் இருந்ததே!

ஏரி ஒருமுறை அடியோடு வற்றி, மீனினமே அற்றுப்போகப் பார்த்தது. அதைக் கண்ட ராஜா மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, அதில் மீன் ஒன்றைச் செதுக்கச் சொன்னார். தண்ணீர் அந்த மீன் வரை இறங்கிவிட்டால் மதகை அடைத்துவிட வேண்டும். அரண்மனை வயலே காய்ந்தாலும் திறக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

மதகுக் காவல் சாத்தையனுடையது. ஆள் லேசுப்பட்டவன் இல்லை. அரண்மனை மணியக்காரரே வந்து கெஞ்சியபோதும் அசையாமல் நின்றவன். அந்த மிதப்பு அவனுக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, செய்தவன்தானே.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. மார்கழியில் தண்ணீர் கல்மீனைத் தொட்டதும் சாத்தையன் மதகை அடைத்தான். பெண் விரால் ஒன்று கரைக்கு வந்தது.

“அண்ணே, கோரைக்குள்ள முட்டை வச்சிருக்கேன். பார்த்துக்க.”

“நான் இருக்கேன்ல? நீ போய்த் தூங்கு தாயி.”

மறுநாள் காலையில் அவன் தங்கை வெள்ளாயி வந்தாள். புருஷனை இழந்தவள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் துண்டு வயல் ஒன்றுதான் அவளுக்கு.

“அண்ணே, கதிரு பால் பிடிக்குது. ஒரு தண்ணி விட்டாப் போதும், கரையேறிடுவேன்.”

“சட்டம் இருக்கு வெள்ளாயி.”

“சட்டமா எம் புள்ளைகளுக்குச் சோறு போடும்?”

அரண்மனைக்கு அசையாத மனசு அங்கே அசைந்தது. ஒரு தண்ணிதானே என்று மதகைத் திறந்துவிட்டான்.

கடைமடைக்குப் போகிற தண்ணீர் மற்ற வயல்களைத் தாண்டித்தானே போக வேண்டும்? வாய்க்காலில் ஈரத்தைக் கண்டதும் ஆளாளுக்கு மண்வெட்டியோடு ஓடிவந்து தங்கள் பக்கம் வெட்டிவிட்டார்கள். காய்கிற பயிர் யாரைச் சும்மா இருக்கவிடும்! தங்கை வயல் நனையட்டும், இதோ நனைந்துவிடும் என்று சாத்தையன் காத்திருக்க, பொழுது சாய்ந்துவிட்டது. அவன் மதகை அடைத்தபோதும் வெள்ளாயி வயலுக்கு ஒரு சொட்டு வந்து சேரவில்லை.

விரால் திரும்பி வந்தது. கோரை வெறும் சேற்றில் நின்றது. முட்டை இருந்த இடமெல்லாம் கொக்குக் கால்தடம்.

“அண்ணே, ராஜாவோட கல்லு எங்க போச்சு?”

“கல்லு அங்கதான் இருக்கு தாயி. நான்தான் இல்லாமப் போயிட்டேன்.”

சாத்தையன் தானே அரண்மனைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று ராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். தண்டனை கொடுத்தார். காவலையும் வேறொருவனுக்கு மாற்றினார். போன முட்டையை யார் கொடுப்பது?

சாகும்வரை சாத்தையன் கரையில் குந்தி, “தாயி, தாயி” என்று கூப்பிட்டுப் பார்த்தான். பாவம், பதிலே வரவில்லை. கல்லும் சட்டமும் இன்னும் அப்படியேதான் இருந்தன. ஆனால் விரால் அவற்றை நம்பித் தூங்கப் போகவில்லை.

அன்று முதல்தான் விரால் தாயும் தகப்பனுமாகத் தன் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றிக் காவல் நிற்கிறது. அடிக்கொரு தரம் மூக்கை நீருக்கு மேலே நீட்டி, மதகு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறது.