நாற்பது லட்சம் விமர்சனங்கள்

கதிரேசன் வாயைத் திறந்தால் கோயம்புத்தூர் வெயில்கூட ஓரமாக நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். கிரைண்டர் கம்பெனியின் பழைய ஊழியரான அவர் அன்று வாயைத் திறந்தது முதலாளியம்மா செல்வநாயகியின் அறையில்.

சுகிர்தாவும் அங்கே மடிக்கணினியோடு நின்றிருந்தாள். அவளுடைய மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. இணையக் கடையில் தங்கள் கிரைண்டருக்கு வந்த விமர்சனங்களை அந்தக் கடை தகவல் கொடுக்கத் திறந்துவைத்திருக்கும் ஏபிஐ வழியாக வாங்கித் தொகுப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. கடை ஒரு பக்கத்துக்கு நூறு விமர்சனம்தான் தரும். ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அவள் சேர்த்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. அதில் முந்நூறு பேர், மாவு ஆட்டும்போது மூடி பறக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

கதிரேசன் ஒரே ராத்திரியில் நாற்பது லட்சம் எடுத்துவிட்டாராம். அத்தனை பேரும் மூடியைப் புகழ்கிறார்களாம்.

"அப்புறம் இந்தப் பொண்ணு எதுக்கு?" என்றார் முதலாளியம்மா.

கதிரேசனுக்குக் கதை சூடுபிடித்தது. அவர் கேட்ட வேகத்தில் கடையின் சர்வர் கொதித்துப்போய், லாரியில் ஐஸ்கட்டி இறக்கினார்களாம். கடைக்காரரே போனில் கூப்பிட்டு, மூச்சுவிடவாவது நேரம் கொடுங்கள் என்று அழுதாராம்.

"ஏனுங்கண்ணா, நாம வித்ததே எட்டாயிரம் கிரைண்டர்தானே?" என்றார் கிரைண்டர்களை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் பீட்டர்.

"அக்கம்பக்கத்துல சத்தம் கேட்டவங்களும் எழுதியிருக்காங்க பீட்டரு. நான் இழுத்த இழுப்புல, அடுத்த தீபாவளிக்கு வாங்கப் போறவங்க எழுதினதுகூட வந்து விழுந்துருச்சு."

பீட்டர் விட்டத்தைப் பார்த்தார். முதலாளியம்மாவோ பழைய மூடிக்கே ஆர்டர் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். சுகிர்தா கதிரேசனின் பட்டியலைத் தன் மடிக்கணினியில் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பெயரில் நிறுத்தினாள்.

"அண்ணா, ஒட்டன்சத்திரம் ராஜலட்சுமி யாருங்க?"

"நம்ம வாடிக்கையாளர் கண்ணு. மூடியைப் பத்தி அருமையா எழுதியிருக்காங்க."

"முதல் வரியில இருக்காங்க. நூத்தியோராவது வரியிலயும் இருக்காங்க. இருநூத்தியோராவதுலயும்..." கணினியை முதலாளியம்மா பக்கம் திருப்பினாள். "பக்க எண்ணை மாத்தவே இல்லீங்கண்ணா. நாப்பதாயிரம் தடவையும் ஒண்ணாம் பக்கத்தையேதான் கேட்டிருக்கீங்க. கடை புகழ்ந்து எழுதினதைத்தான் முதல் பக்கத்துல வைக்கும்."

பீட்டர் இருமலை அடக்கினார். முதலாளியம்மா பேனாவை மூடினார். மூடியை மாற்றச் சொன்னார். பிறகு சுகிர்தாவைப் பார்த்து, "அடையாள அட்டைக்கு போட்டோ கொண்டா அம்மிணி" என்றார்.

கதிரேசன் அசரவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கடை எவ்வளவு நேர்மைன்னு பார்த்தேனுங்கம்மா. நாப்பதாயிரம் தடவை கேட்டும் பேச்சு மாத்தலை பாருங்க."

"உனக்கும் கடைக்கும் அதுதான் வித்தியாசம் கதிரேசா" என்றார் முதலாளியம்மா.