தொட்டில் முடிச்சும் துணிக்கொடியும்

ஒரு வாடகை வீட்டில் ஒரே ஒரு அறை. அந்த அறையின் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. அதில் ஜெபசீலியின் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள். சேலையின் இரண்டு முனையையும் சேர்த்துப் போட்டிருந்த முடிச்சு எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஜெபசீலி பிள்ளையைத் தொட்டிலில் போடுமுன் ஒரு காரியம் செய்வாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து, தன் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்ப்பாள். பிறகுதான் யோவேலைத் தூக்கிப் போடுவாள். ஒரு நாளும் இது தவறாது.

"பிள்ளையைக்கூடச் சுமந்துருவேன்," என்று முடிச்சு கொக்கியிடம் சொன்னது. "அவன் பூ மாதிரி கிடக்கான். இவ என்னத்துக்கு முதல்ல வந்து இந்தத் தொங்கு தொங்குதா? கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு."

"எனக்கும்தான் முதுகு வலிக்கி," என்றது கொக்கி. "கேட்டா யாரு பதில் சொல்லுதா?"

எதிர்ச்சுவரில் ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டியிருந்த துணிக்கொடி சிரித்தது.

"உன் மேல அவளுக்கு நம்பிக்கை இல்லப்பா. என்னைப் பாரு. நாலு துணியை வீசிட்டுப் போயிட்டே இருப்பா. ஒரு தடவையாவது இழுத்துப் பாத்திருப்பாளா? நம்புனவங்கள யாரும் சோதிக்க மாட்டாங்க."

அந்தப் பேச்சு முடிச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று ஜெபசீலியும் அவள் புருஷன் வேதமணியும் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால்படியிட்டபோது முடிச்சும் கூடச் சேர்ந்து ஜெபித்தது.

"கர்த்தாவே, என்னைக் கொஞ்சம் சும்மா விடும்."

அந்த வாரம் யோவேலுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு இறங்கவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வீடு பூட்டிக் கிடந்தது.

முடிச்சுக்கு முதலில் பாவமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது. இழுக்க ஆளில்லை. சன்னல் காற்றுக்குக் காலித் தொட்டில் லேசாக ஆடியது. முடிச்சு மெல்ல மூச்சு விட்டது. சோம்பல் முறித்தது. நாள் போகப் போகக் கையையும் காலையும் நன்றாக நீட்டிக்கொண்டது.

"ஜெபம் கேக்கப்பட்டுட்டு போல," என்றது கொடி.

கொக்கிதான் ஒரு மத்தியானம் கவனித்தது. "ஏ, உன் நுனி நழுவிக்கிட்டு வருது."

"வரட்டுமே. இப்பத்தான் உடம்புக்கு இதமா இருக்கு."

ஒரு நாள் சாயந்தரம் கதவு திறந்தது. ஜெபசீலியின் தோளில் யோவேல் தூங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது, முகம்தான் சிறுத்துப் போயிருந்தது. ஜெபசீலிக்கு நின்றபடியே கண் சொருகியது.

"நல்லா அசந்துட்டான்," என்றான் வேதமணி. "பாயில கிடத்துனா முழிச்சுக்குவான். அப்படியே தொட்டில்ல போட்டுட்டு நீயும் படு."

அவள் தொட்டில் பக்கம் வந்து, ஒரு கையால் சேலையை விரித்தாள்.

முடிச்சு தன்னைப் பார்த்தது. பிடித்துக்கொள்ளத் தன்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை என்று அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. கீழே சிமெண்டுத் தரை. இவ்வளவு நாள் எந்தக் கைகளை வெறுத்ததோ, அந்தக் கைகளிடமே கெஞ்சியது.

"இழுத்துப் பாரு தாயி. பிள்ளையைப் போட்டுராத. முதல்ல என்னை இழு."

பிள்ளையின் தலை சேலைக்கு மேல் வந்துவிட்டது. ஜெபசீலி நின்றாள்.

"இவனைக் கொஞ்சம் பிடிங்க. இழுத்துப் பாத்துட்டுப் போடுதேன்."

"இத்தனை நாள் தாங்குனதுதான."

"பிடிங்கன்னா."

அவள் பாரம் முழுவதும் போடக்கூட இல்லை. தொட்டுப் பாதி இழுக்கும்போதே சேலை மொத்தமும் சரிந்து தரையில் குவிந்தது.

வேதமணி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

முடிச்சு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கசங்கிய இரண்டு முனைகள் கிடந்தன. இனி நம்மைக் கரித்துணியாகக் கிழித்துவிடுவாள் என்று அவை நினைத்தன. ஜெபசீலி அவற்றை எடுத்து உதறினாள். கொக்கியில் மாட்டி, முன்பைவிட ஒரு சுற்று கூடப் போட்டுக் கட்டினாள். கட்டிவிட்டுத் தொங்கினாள். கால் தரையைவிட்டு எழும்பும்வரை தொங்கினாள்.

"போதும் ஜெபசீலி. எவ்வளவுதான் இழுப்ப?"

"என் பிள்ளையைக் குடுக்கப்போற இடம்லா," என்றாள். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "ஆஸ்பத்திரி வராண்டால வச்சுக் கேட்டீங்கள்லா, ஆண்டவர் ஏன் நம்மளையே பிடிச்சு இந்த இழு இழுக்காருன்னு. நம்மகிட்ட குடுக்கதுக்கு அவரு கையில என்ன வச்சிருக்காரோ."

யோவேலை வாங்கித் தொட்டிலில் போட்டாள். முடிச்சு இறுகியது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் அது அழவில்லை. கீழே பிள்ளை மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஜெபசீலி பாயில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். வேதமணி ஆஸ்பத்திரித் துணிகளை அலசிக் கொண்டுவந்து கொடியில் வீசிவிட்டுப் போனான். தண்ணீர் சொட்டியது.

"ஏம்ப்பா," என்று கொடி முடிச்சிடம் மெல்லக் கேட்டது. "என்னை ஏன் ஒரு தடவைகூட யாரும் இழுத்துப் பாக்கல?"