சிரிப்புக்கு விட்ட இடம்

தொலைக்காட்சியைப் பார்த்தே இராத ஒரு குருவைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் குஞ்சிதபாதம்.

போன இடமெல்லாம் ஏமாற்றம்தான். ஒரு குரு அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்போதே சிரிப்பில் குலுங்கினார். இன்னொருவர் மௌன விரதத்தில் இருந்தவர். இவரைப் பார்த்ததும் விரதத்தை முறித்துக்கொண்டு, "கதவு குஞ்சிதம்தானே?" என்று கேட்டார்.

குஞ்சிதபாதம் நகைச்சுவை நடிகராக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்தவரில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. மாலையில் சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம். தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில், சனிக்கிழமைச் சிரிப்பு நாடகம் ஒன்றில் அவருக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்தார்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "ஐயா, தந்தி!" என்று சொல்ல வேண்டும்.

அட்டைக் கதவு திறக்கவில்லை. நாடகம் நேரடி ஒளிபரப்பு. நிறுத்தவும் முடியாது, மறுபடி எடுக்கவும் முடியாது. குஞ்சிதபாதம் இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சுற்றிப் போய் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார். பதற்றத்தில் தந்தியைக் கீழே போட்டுவிட்டு, கைப்பிடியை நீட்டி, "ஐயா, கதவு!" என்றார்.

ஊரே சிரித்தது. அடுத்த வாரமும் ஒரு கதவு வைத்தார்கள். பிறகு வாராவாரம் கதவுதான். குளியலறைக் கதவு, கோயில் கதவு, சிறைச்சாலைக் கதவு. ஒரு தீபாவளிக்கு விமானத்தின் கதவு. வண்ணத் தொலைக்காட்சி வந்தது, புதுமுகங்கள் வந்தார்கள், அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் நிறுத்தவில்லை. வங்கிக்குப் போனால் காவலாளி ஒதுங்கி நின்று, "நீங்களே திறங்க சார், பார்ப்போம்" என்பான்.

கடைசியில் கொல்லிமலை அடிவாரத்தில் வில்வநாத அடிகளைக் கண்டுபிடித்தார். அடிகளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், குஞ்சிதபாதத்தின் மகன் வயது. மலைமேல் மின்சாரம் எட்டாத ஒரு குக்கிராமத்தில் பிறந்து, அங்கே மின்சாரம் வருவதற்குள் மடத்துக்கு வந்துவிட்டவர். மடம் என்றால் நாலு தூண், ஒரு கூரை. கதவே கிடையாது.

அடிகள் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்கய்யா. சாப்பிட்டாச்சா?"

குஞ்சிதபாதம் அப்படியே அவர் காலில் விழுந்தார்.

மொட்டை அடித்துக்கொண்டார். மீசையை எடுத்தார். காவி கட்டினார். பலா மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். ராசிபுரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய யாத்திரிகர்கள் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அவர் கண் திறந்தபோது எதிரே ஒரு கூட்டம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

"அம்மா, நான் எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்றார் குஞ்சிதபாதம், உருக்கமாக.

அவர்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்துபோயின.

அவர் நேரே அடிகளிடம் போனார். அடிகள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மடத்தின் சமையற்காரி சடையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, ஒரு மனுஷன் அழறதை உலகம் நம்பணும்னா என்ன செய்யணும்?"

"எப்ப அழுதீங்க?"

"என் சம்சாரம் அபயாம்பாள் போன அன்னிக்கு."

அடிகள் கீரைக் கொத்தைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

குஞ்சிதபாதம் சொன்னார். "கூடத்துல அவளைக் கிடத்தியிருந்தது. வீடு நிறைய ஜனம். கூறைப் புடவையைக் கொண்டாங்கன்னார் சாஸ்திரிகள். நான் உள் அறைக்குப் போனேன். ஒரு நிமிஷம் தனியா அழணும்னு கதவைச் சாத்திக்கிட்டேன். அழுதேன். புடவையை எடுத்துக்கிட்டுத் திரும்பினா, மழையில ஊறிப்போன கதவு திறக்கல."

அடிகளின் உதடு லேசாகத் துடித்தது.

"இழுத்தேன். வெளியில சாஸ்திரிகள் நாழியாகுதுங்கறார். உள்ளே நான் இழுக்கிறேன். சாமி, கைப்பிடி கையோடு வந்துடுச்சு."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அடிகளின் தோள் குலுங்கியது.

"வெளியிலேருந்து யாரோ தோளால மோதினாங்க. கதவு திறந்த வேகத்துல கையிலிருந்த புடவை என் தலைமேல விழுந்துது. நான் தலையில கூறைப் புடவையோட, கையில கைப்பிடியோட கூடத்துல வந்து நின்னேன். சங்கு ஊதறவன் சங்கை வாயில வெச்சிருந்தான். அவன் சிரிச்ச சிரிப்பு சங்கு வழியா வந்துது."

மறுபடி நிறுத்தினார்.

அடிகள் சிரித்தார். மார்பில் கிடந்த ருத்திராட்சம் துள்ளத் துள்ளச் சிரித்தார். சடையம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

குஞ்சிதபாதம் எழுந்தார். கூரைக்கடியில் இருந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அடிகள் கீரை ஒட்டிய கையோடு ஓடிவந்து வழிமறித்தார்.

"தப்புதான். மன்னிக்கணும். ஆனா ஒண்ணு சொல்லுங்கய்யா. நான் உங்களைப் பார்த்ததே இல்ல. உங்க கதவு நாடகம் எதுவும் எனக்குத் தெரியாது. அப்புறம் எதைப் பார்த்துச் சிரிச்சேன்?"

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்" என்றார் அடிகள்.

குஞ்சிதபாதம் நின்ற இடத்திலேயே, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, சாவுச் செய்தி வாசிப்பதுபோல ஆரம்பித்தார். கூடம், சாஸ்திரிகள், மழையில் ஊறிய கதவு. "கைப்பிடி கையோடு வந்துடுச்சு" என்றார். நிறுத்தினார்.

அடிகள் சிரிக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கமிருந்துதான் ஒரு பாத்திரம் உருண்ட சத்தமும், "ஐயோ, என்னால முடியலையே" என்ற சடையம்மாளின் குரலும் வந்தன.

"இங்கே எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டார் அடிகள்.

"மூச்சு வாங்க."

"மூச்சு வாங்கல. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

குஞ்சிதபாதம் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"பழக்கம், சாமி. சிரிப்புக்கு இடம் விடணும். விடலைன்னா அடுத்த வசனம் சிரிப்புல அடிபட்டுப் போயிடும்."

"நீங்க நடிச்ச இடத்துல நிறைய ஜனம் உட்கார்ந்திருக்குமோ?"

"ஒரு ஈ காக்கா இருக்காது. கேமராக்காரங்க மட்டும்தான். அவங்க சிரிச்சா வேலை போயிடும்."

"வெறும் அறையில எவ்வளவு இடம் விடணும்னு எப்படித் தெரியும்?"

"ஆரம்பத்துல தெரியல. அவதான் சொல்லிக்கொடுத்தா."

"யாரு?"

"அபயாம்பாள். எங்க வீட்டுல டி.வி. கிடையாது. தெருக்கோடி டாக்டர் வீட்டுலதான் இருந்துது. அவ அங்கே போய்ப் பார்த்துட்டு வந்து, நான் சாப்பிட உட்கார்ந்தா பிடிச்சுக்குவா. 'நாங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு? டாக்டர் வீட்டு மாமிக்கு அடுத்த வார்த்தை காதுலயே விழல'ம்பா. எவ்வளவு நேரம் விடணும்னு கேட்டேன். எனக்குத் தெரியணுமேன்னு அங்கேயே உட்கார்ந்து சிரிச்சுக் காட்டுவா."

குஞ்சிதபாதத்தின் குரலில் இப்போது சாவுச் செய்தி இல்லை.

"அவ சிரிச்சா முதல்ல சத்தமே வராது, சாமி. தோள் மட்டும் ஆடும். அப்புறம் கண்ணுல தண்ணி வரும். கடைசியில ஒரு விக்கல். விக்கல் வந்துதுன்னா அடுத்த வசனம் பேசலாம். அத்தனை வருஷமும் அதுதான் கணக்கு. எதிர்ல கேமரா இருக்கும், நான் அந்த விக்கலுக்காகக் காத்துக்கிட்டு நிப்பேன்."

"அன்னிக்குக் கூடத்துல, கைப்பிடியோட எவ்வளவு நேரம் நின்னீங்க?"

குஞ்சிதபாதத்தின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"விக்கல் வரல, சாமி" என்றார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். சமையல்கட்டில் சத்தம் அடங்கிவிட்டது. சடையம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடிகளும் தரையில் உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்துக் குஞ்சிதபாதம் மூக்கைச் சிந்தினார்.

"இனிமே அந்த இடத்துல நிறுத்தாம சொல்லிப் பழகிக்கட்டுமா, சாமி?"

"எதுக்கு அவசரம்?" என்றார் அடிகள். "அபயாம்பாள் அம்மா சிரிச்சு முடிக்கட்டும்."