துடுப்புகளை வாங்கிக்கொண்ட துறை

ஒரு கடலோரத்தில் கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று இருந்தது. அதன் மடியில் சில படகுகள் வாழ்ந்தன. அவர்களில் ஒருத்தி சந்தனமாரி. நீல நிறத்தவள். அலை ஆட்டினால் தூங்குவாள். விழித்தால் துடுப்பை நீட்டி நீரைத் தொட்டுப் பார்ப்பாள். நினைத்த பக்கம் போவாள், வருவாள். யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு காலையில் மூடுபனி வந்தது. கடலும் வானமும் கரைந்து ஒரே பாலாகிவிட்டன. சந்தனமாரிக்குத் தன் மூக்கின் நுனிகூடத் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் போயிருந்த சிட்டு என்ற சின்னப் படகு திரும்பவே இல்லை. சிட்டு கூப்பிட்ட குரல் மட்டும் வெகுநேரம் நீரின்மேல் மிதந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

படகுகள் ஒன்றையொன்று உரசி நடுங்கின. “துறையய்யா, ஏதாச்சும் செய்யுங்க!” என்று அழுதன.

“நான் கல்லு. என்னால என்ன செய்ய முடியும்?” என்றது துறை. அதுவரை அது அதிகம் பேசியதில்லை. சற்று யோசித்து, “வேணும்னா உங்க துடுப்பையெல்லாம் எங்கிட்டக் குடுத்துவைங்க. பனி விலகினதும் வாங்கிக்கிடலாம்” என்றது.

முதலில் கொடுத்தவள் சந்தனமாரிதான். கொடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. இனி எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் துறை இன்னொன்றும் சொன்னது. “சத்தம் போடாதீங்க. ஆளாளுக்குப் பேசினா பயம்தான் கூடும்.”

படகுகள் வாயையும் மூடிக்கொண்டன. பனிக்குள் எல்லோரும் ஒரே கனவைக் காண்பதுபோல அசைந்துகொண்டு கிடந்தார்கள்.

பனி விலகியது. வெயில் நீருக்குள் இறங்கிக் கண்ணைக் கூசவைத்தது.

“அய்யா, என் துடுப்பு?” என்று சந்தனமாரி மெல்லக் கேட்டாள்.

“அந்தா பாரு, தூரத்துல வெள்ளையாத் தெரியுது.”

“அது பறவைக் கூட்டம்லா அய்யா?”

துறை பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த செல்வராணி அக்கா முந்திக்கொண்டாள். “உனக்கு என்னடி அவசரம்? சிட்டு போனது அதுக்குள்ள மறந்துபோச்சா? அய்யா நம்ம நல்லதுக்குத்தானே சொல்லுதாக!”

சந்தனமாரிக்கு வெட்கமாகப் போயிற்று. அதன்பின் அவள் கேட்கவில்லை. அடிப்பலகையில் பாசி படர்ந்தது.

ஒருநாள் பச்சை நிறத்தில் ஒரு புதுப் படகு பாடிக்கொண்டே துறைப் பக்கம் வந்தாள்.

“உங்க ஊர்ல பனி வரலியா?” என்று சந்தனமாரி கிசுகிசுத்தாள்.

“வந்துச்சே! ஒண்ணுமே தெரியல. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். குரலைப் பிடிச்சுக்கிட்டே கரை சேர்ந்துட்டோம்.”

சந்தனமாரியின் பலகைகள் சில்லிட்டன. சிட்டு அத்தனை நேரம் கூப்பிட்டாளே. இங்கே யார் பதில் குரல் கொடுத்தார்கள்?

“வாம்மா, களைச்சு வந்திருக்க. துடுப்பை இப்படிக் குடுத்துட்டு இளைப்பாறு” என்றது துறை, இனிமையாக.

“குடுத்துரு, குடுத்துரு” என்று மற்றப் படகுகள் முணுமுணுத்தன. வந்தவள் சிரித்தபடி துடுப்பை உயர்த்தினாள்.

“குடுக்காதே!” சந்தனமாரி அலறினாள். “உள்ளே வராதே! திரும்பிப் போயிரு!”

பச்சைப் படகு திடுக்கிட்டுத் திரும்பினாள். துடுப்பு நீரைத் தள்ளும் ஓசை தேய்ந்து தேய்ந்து வெயிலுக்குள் மறைந்தது.

துறை கோபப்படவில்லை. “பாவம், பயத்துல உளறுதா. இவளும் போய்த் தொலைஞ்சுறக் கூடாது. இன்னும் ஒரு கயிறு இருந்தா நல்லது” என்றது.

செல்வராணி அக்கா தன் நங்கூரக் கயிற்றையே கழற்றினாள். அதைச் சந்தனமாரியின் இடுப்பில் சுற்றித் துறையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

பிறகு அருகே ஒதுங்கி, “வலிக்கலியேடி?” என்று பாசமாகக் கேட்டாள்.