ஓணான் தண்டால் எடுப்பது ஏன்?

அந்தக் காலத்தில் ஓணான்களுக்குப் பேச்சு வரும். பேச்சைவிட மரியாதை அதிகம். கடைசியில் அந்த மரியாதையே எமனாகி நின்றது!

கரட்டுமேட்டு ஓணான்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வயதானவர்களை உடைமரத்தடிப் பாறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதன்பிறகு அவர்கள் கால் பாறையைவிட்டு நகரக்கூடாது. ஈசலும் எறும்பும் பிள்ளைகளே கொண்டுவந்து ஊட்டவேண்டும். பெற்றவர்களை ஓடியாட விட்டால் ஊர் காறித் துப்பும்.

செவத்தாயி என்ற கிழட்டு ஓணானையும் மகன் கொண்டையன் அப்படித்தான் உட்கார வைத்தான். அவளுக்கு முன் அங்கே இருந்த சடையாண்டியைப் போன கோடையில் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. ஓடத்தான் பார்த்தார் பாவம், கால் எழவில்லை. செவத்தாயி அதை மரத்திலிருந்து பார்த்தவள்.

ஒரு மாதம் போனது. கட்டெறும்பு ஒன்று கடிக்க, நகரப் பார்த்தாள். தொடை வெடவெடவென்று நடுங்கியது. பயந்தே போனாள். போன மாதம்கூட மரம் ஏறினாளே! ஒரே மாதத்தில் அவ்வளவு வயதா ஏறிவிடும்? உட்கார்ந்தே அல்லவா கெட்டோம்!

அன்றே ஆரம்பித்தாள். நாலு காலையும் பாறையில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். ஒன்று! தொப்பென்று விழுந்தாள். மறுநாள் இரண்டு. தோளெல்லாம் ரணமாக வலித்தது. பத்தாம் நாள் ஏழு!

கொண்டையன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்தா, என் மானத்த வாங்காத. பாக்குறவக என்ன சொல்லுவாக?"

"காலு பாறைய விட்டு நவுந்துச்சாடா?"

"இல்ல..."

"அப்ப என்னத்துக்குக் கத்துற? ஈசலக் குடு. இன்னும் நாலு எடுக்கணும்."

ஆடி மாதத்து உச்சிவெயிலில் வந்தது சாரை! இளசுகள் எல்லாம் சரசரவென்று மரத்தில் ஏறிவிட்டன. கொண்டையனுக்கு மனசு கேட்கவில்லை. கீழே குதித்துப் பாறைக்கு ஓடினான்.

"ஆத்தா, முதுகுல ஏறிக்க!"

"வழிய விடுடா!"

அவனைத் தாண்டிப் பாய்ந்தாள் பாருங்கள்! அடிமரம், கவட்டை, உச்சிக்கிளை! பின்னால் ஓடிவந்த மகனின் வால்நுனிதான் மயிரிழையில் தப்பியது.

அவளுக்கு இளமை ஒன்றும் திரும்பிவிடவில்லை. மூச்சு வாங்கியது, மூட்டு வலித்தது. ஆனால் உயிரோடு இருந்தாள்! கொண்டையன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் அவளே இறங்கிவந்து பாறையில் காலை ஊன்றினாள். பக்கத்தில் கொண்டையனும் வந்து ஊன்றினான். சாயங்காலத்துக்குள் பாறையில் இடமில்லை!

அன்று முதல்தான் ஓணான், பாறையோ மதிலோ எதைக் கண்டாலும், ஏறி நின்று தண்டால் எடுக்கிறது. நம்மைப் பார்த்துக் கேலி செய்கிறது என்று நாம் கல்லைத் தூக்குகிறோம். அது கேட்பதெல்லாம், "வீட்டுல பெத்தவகள உக்கார வச்சுட்டா வந்த?" என்பதுதான்.