தூங்கும் கிழங்குக்குக் காவல்

முன்னொரு காலத்தில் முல்லைப்பாடி நாட்டைச் சினவேல் என்ற மன்னன் ஆண்டுவந்தான். காலையில் பரிசாகக் கொடுத்த யானையை மாலையில் திருப்பிக் கேட்கிற ஆள். அவனுக்கும் மனம் கரையும் இடம் ஒன்று இருந்தது. காலமான அவன் தாயார் தம் கையால் நட்ட ஆறு தொட்டி செங்காந்தள்தான் அது. அதுவரை அந்தப்புரத்தில் இருந்த தொட்டிகள் அந்த ஆண்டுதான் தோட்டக்காரி மருதாயியின் கைக்கு வந்தன. ஐப்பசியில் அவை பூத்தபோது மன்னன் சபை நடுவே அவளைப் பாராட்டினான்.

அரண்மனை அலங்கார அதிகாரி கங்காதரருக்கு அன்று பிடித்த வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.

தை பிறந்தது. கொடிகள் காய்ந்து உதிர்ந்து, ஆறு தொட்டியிலும் வெறும் மண்.

"பிரபு! தங்கள் தாயாரின் செடிகளை இவள் கொன்றுவிட்டாள்!" என்று ஓடிவந்தார் கங்காதரர்.

"இவளை நாடு கடத்துங்கள்!" என்று கத்தினான் மன்னன்.

"மகராசா, செடி சாவல. உள்ள கெழங்கு தூங்குது. மழை வந்தா தானா முழிச்சுக்கும்" என்று அழுதாள் மருதாயி. சபை கொல்லென்று சிரித்தது. கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்?

அமைச்சர் திருமேனியார் எழுந்தார். "மன்னா, மூன்று தொட்டி இவளிடம் இருக்கட்டும், மூன்று தொட்டியை அதிகாரி வளர்க்கட்டும். பிறகு தீர்ப்புச் சொல்லலாம்."

கங்காதரர் விடுவாரா? காலையில் குடம் தண்ணீர், மாலையில் குடம் பால். மருதாயியோ தொட்டிகளை மாட்டுக்கொட்டகை ஓரம் வைத்து, ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மாதம் ஒன்று போனது.

"ஒரு வாய் தண்ணீர்கூடக் காட்டவில்லை, பிரபு! இன்றே துரத்துங்கள்" என்றார் கங்காதரர்.

"உண்ட பிறகு பேசலாமே" என்று அமைச்சர் விருந்து வைத்தார். இரண்டு பாயசம் குடித்த கங்காதரர் சபையிலேயே குறட்டை விட்டார். அமைச்சர் கண்காட்ட, காவலன் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தான்.

"அடப்பாவி! தூங்குகிறவன் மேல் எவனாவது தண்ணீர் ஊற்றுவானா?"

"மன்னா, அதிகாரியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்க்கலாம்" என்றார் அமைச்சர்.

கங்காதரரின் தொட்டிகளில் அழுகிய கூழ். சபையே மூக்கைப் பொத்தியது. மருதாயியின் தொட்டிகளில் கலப்பை வடிவத்தில், கெட்டியாக, மூன்று கிழங்குகள். நுனியில் வெள்ளையாய் ஒரு முளைக்கண்.

மன்னன் ஒன்றைக் கையில் வாங்கினான். "அம்மா இதைச் சொல்லித் தரவில்லையே" என்றான். "மருதாயி, என் அவசரத்தை மன்னித்துவிடு. என்ன வேண்டும், கேள்."

"ஒண்ணும் வேணாம் மகராசா. மழை வர்ற வரைக்கும் யாரும் தண்ணி ஊத்தாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

அந்தக் காவல் வேலை யாருக்குப் போனது என்கிறீர்கள்? ஆனி மாதம் வரை கையில் கம்போடு கிழங்கைத் திரும்பப் புதைத்த வெறும் மண் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கங்காதரர்தான். வழியில் போனவர்கள், "மெதுவாப் பேசுங்க, தூங்குது" என்று அவரைச் சீண்டினார்கள்.

மழை வந்தது, மூன்று கொடியும் எழுந்தன. ஐப்பசியில் முதல் பூ விரிந்த காலையில் மன்னன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். குழந்தையோடு நின்ற மருதாயியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"எங்கம்மாவைக் காப்பாத்திக் குடுத்தே, தாயே" என்றான்.