எண்ணெய் போன இடம்

பாலைவன எல்லையில் ஒரு காவல் முகாம். அங்கே ஆயுதப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஹவில்தார் ஏகாம்பரம். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஆயுதம் சொல்லிக்கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் அவருக்கு மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு மதியம், நாயக் பதவியில் இருந்த இசக்கிமுத்து அவருடைய கூடாரத்துக்கு வந்தான். தக்கலைக்காரன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"உஸ்தாத், ஒரு சந்தேகம்."

"கேளு."

"மணல்ல துப்பாக்கி ஏன் மக்கர் பண்ணுது?"

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். இந்த முகாமுக்கு வந்த முதல் வாரமே அவர் இதை எல்லோருக்கும் விளக்கியிருந்தார். இசக்கிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். அவன் கேட்க வந்தது இது இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான்.

இசக்கிமுத்து பல வருஷம் வடகிழக்கு மலைகளில் காவல் இருந்தவன். அங்கே மழை விடாது. எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் விடிவதற்குள் இரும்பு துருப்பிடித்துச் சிவந்துவிடும். துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டியே பழகிய கை அவனுடையது. இங்கே உஸ்தாத் நேரெதிராகச் சொன்னார். இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் மட்டும் விரல் நுனியால் தொட்டு வை, வைத்ததையும் துடைத்துவிடு, மற்ற இடமெல்லாம் காய்ந்தே கிடக்கட்டும், எண்ணெய் இருக்கிற இடத்தில்தான் மணல் ஒட்டும் என்றார். இசக்கிமுத்துவுக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. பட்டதோடு விடாமல், சாப்பாட்டு வரிசையில் நின்று அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

உஸ்தாத் அடுத்த முகாமுக்குப் போயிருந்த ஒரு சமயம், பெரிய அதிகாரி ஒருவர் ஆயுதங்களைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தங்கப்பழம் தண்ணீர் லாரியோடு போயிருந்தான். அவன்தான் இசக்கிமுத்துவின் ஜோடி. பட்டாளத்தில் இருவர் இருவராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருக்க வேண்டும், ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவன் தூக்கி வர வேண்டும். தங்கப்பழத்துக்கு முழு வழுக்கை. முகாமில் நாவிதர் வரும் நாளில் அவனைத்தான் முதலில் போய் உட்காரச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

முகாமில் அளந்து கொடுத்த எண்ணெய் இசக்கிமுத்துவுக்குப் பத்தவில்லை. டிரங்குப் பெட்டியில் மனைவி கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் இருந்தது. செக்கில் ஆட்டியது. அதை எடுத்துத் தன் துப்பாக்கிக்குப் போட்டான். கூட்டாளி களைத்துப்போய் வருவானே என்று அவன் துப்பாக்கிக்கும் தாராளமாகப் போட்டான். பிரியத்தில் செய்ததுதான், அதை யாரும் மறுக்க முடியாது.

மறுநாள் இரண்டு துப்பாக்கியும் கண்ணாடியாக மின்னின. வந்த அதிகாரி தங்கப்பழத்தின் துப்பாக்கியைக் கையில் தூக்கிக் காட்டி, ஆயுதம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார். அவர் போனதும் தங்கப்பழம், இதைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டான். கிடக்கட்டும்லே, பெரியவரே மெச்சிட்டாரு, பிறகென்ன என்றான் இசக்கிமுத்து.

அது மார்கழி. பாலைவனத்தில் மத்தியானம் முதுகு வேகும், விடியற்காலையில் பல் கிட்டும். குளிர்காலத்தில் குப்பிக்குள் தேங்காயெண்ணெய் வெளுத்து உறைந்துவிடும், அதை வெயிலில் வைத்து இளக்குவார்கள் என்பது இசக்கிமுத்து சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அது குப்பியில் நடப்பது. துப்பாக்கிக்குள்ளும் அதே எண்ணெய்தான் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை ரோந்து போனார்கள். காற்று மணலை வாரி அடித்தது. எல்லை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சுட்டார்கள். முன்னால் போன தங்கப்பழம் ஒரு முறை சுட்டான். இரண்டாவது குண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடியை அவன் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது முழங்கையில் குண்டு பாய்ந்தது. பின்னால் வந்த இசக்கிமுத்து மணல்மேட்டில் ஏறி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

கூட்டாளியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். மருத்துவ வண்டியில் ஏற்றிவிட்டான். அதன் பிறகு அவன் செய்த முதல் காரியம், தன் துப்பாக்கியைத் துடைத்தது. வாசனைகூட இல்லாமல் துடைத்துக் காய வைத்துவிட்டான். அதை நினைத்தால் அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

தங்கப்பழம் கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்தான். துப்பாக்கியை யார் பராமரித்தது என்று கேட்டார்கள். நான்தான் சாப் என்றான். இசக்கிமுத்துவின் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. ஆயுதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாதது பட்டாளத்தில் பெரிய குற்றம். கையில் தைத்த பதவிப் பட்டை போகும், வேலையே போனாலும் போகலாம். இசக்கிமுத்து கூடாரத்துக்கு வந்த அன்று மாலைதான் கமாண்டர் முன்னால் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அங்கே வழக்கம்.

இந்த நிலைமையில்தான் இசக்கிமுத்து சந்தேகம் கேட்க வந்திருந்தான்.

ஏகாம்பரம் எழுந்து போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்தார். தங்கப்பழத்தின் துப்பாக்கி. அவர்தான் அதைச் சோதித்துப் பார்த்து, எண்ணெயும் மணலும் சேர்ந்து இறுகியிருக்கிறது என்று மேலே சொல்லியிருந்தார். என்ன எண்ணெய் என்று யாரும் கேட்கவில்லை. துடைத்து வைக்கச் சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"உக்காரு. கழட்டு."

இசக்கிமுத்து கழற்றினான். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலை அது.

வெள்ளைத் துணித் துண்டுகளை உஸ்தாத் அவன் பக்கம் தள்ளினார். பட்டாளத்தில் அதைச் சிந்தி என்பார்கள். கயிற்றில் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுத்தான். மாவரைத்த கல்லைத் துடைத்த துணி மாதிரி, சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வெளியே வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது.

மதிய வெயிலில் உறைந்த எண்ணெய் இளகியிருந்தது. கூடாரத்துக்குள் வாசனை கிளம்பியது. தக்கலை வீட்டுக் குளியலறையில் வருகிற வாசனை. இசக்கிமுத்து தலையைத் தூக்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சிந்தி. அதற்குப் பிறகு இன்னொன்று.

"போதுமா உஸ்தாத்?"

"நீயே சொல்லு."

போதும் என்றான். உஸ்தாத் ஒரு புதுத் துணியை எடுத்து போல்ட்டின் இடுக்கில் விட்டுச் சுழற்றி எடுத்தார். சாம்பல் நிறம்.

"எங்க வரைக்கும் துடைக்கணும்?" இசக்கிமுத்துவின் குரலில் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது.

"எண்ணெய் எங்க வரைக்கும் போயிருக்குதுன்னு பாரு. அங்க வரைக்கும்."

பார்த்தான். அவன் நினைக்காத இடத்துக்கெல்லாம் போயிருந்தது. திருகாணியின் அடியில் இருந்தது, ஸ்பிரிங்கின் வளைவுக்குள் இருந்தது. குச்சியில் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தான். வியர்வை புருவத்திலிருந்து சொட்டியது. துண்டுகள் பக்கத்தில் குவிந்தன. கடைசியில் ஒரு துணி போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது.

உரசுகிற இடங்களில் உஸ்தாத் விரல் நுனியால் முகாம் எண்ணெயைத் தொட்டு வைத்தார். வைத்ததையும் துடைத்தார். துப்பாக்கியைப் பூட்டிக் கைப்பிடியை இழுத்துவிட்டார். தடையில்லாமல் போய் வந்தது.

"துப்பாக்கி சுத்தமாயிடுச்சு" என்றார்.

இசக்கிமுத்து எழுந்திருக்கவில்லை. அழுக்குத் துணிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கப்பழத்துக்குத் தலையில முடியே கெடையாது உஸ்தாத்."

"ஆமா."

"தேங்கெண்ணெ அவன் வாங்குகதும் இல்ல, வச்சிருக்கதும் இல்ல."

"தெரியும்."

"எப்பமிருந்து தெரியும்?"

"இது என் கைக்கு வந்த அன்னிலேர்ந்து."

"பின்ன ஏன் சொல்லல?"

"சாயங்காலம் சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ வருவியான்னு பாத்தேன்."

இசக்கிமுத்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கையெல்லாம் அதே வாசனை. வெட்கமாக இருக்கிறது என்றான். தான் போட்ட எண்ணெய், தான் துடைக்க விடாதது, கூட்டாளியின் ரத்தம் சட்டையில் காய்வதற்குள் தன் துப்பாக்கியை மட்டும் துடைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். பாதி பேச்சு அழுகையில் போயிற்று. உஸ்தாத் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் ஒருமுறை தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

குடித்துவிட்டு அவன் மூச்சு விட்டான்.

"உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மனசு கொஞ்சம் லேசாச்சு. இது போதாதா உஸ்தாத்?"

ஏகாம்பரம் எழுந்து கூடார வாசலின் திரையை ஒதுக்கிக் கட்டினார். மைதானத்துக்கு அப்பால் கமாண்டர் அறையின் முன்னால் தங்கப்பழம் கூப்பிடுவதற்காகக் காத்து நின்றான். ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. பெல்ட் இல்லாத கால்சட்டையை மற்றக் கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தான். தொப்பி இல்லாத வழுக்கை மாலை வெயிலில் காய்ந்தது. வழியில் போனவர்கள் அவனைப் பார்க்காதது போலப் போனார்கள்.

"எண்ணெய் எங்க வரைக்கும் போயிருக்குதுன்னு பாரு" என்றார் உஸ்தாத்.

இசக்கிமுத்து பார்த்தான். தொப்பியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தான். பிறகு பெல்ட்டைக் கழற்றினான்.